துவாலுவை அதற்குள் காலி செய்துவிட வேண்டாம்

2025 ஜூலையில் அந்தச் செய்தி வந்தபோது எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதை ஒரே மாதிரிதான் படித்தார்கள். பசிபிக் தீவு நாடான துவாலுவின் மக்களுக்காக ஆஸ்திரேலியா ஒரு விசா குலுக்கல் நடத்துகிறது. ஆண்டுக்கு 280 இடம். ஜூன் 16இல் தொடங்கிய பதிவு ஜூலை 18இல் முடிந்தபோது, குடும்பத்தாரையும் சேர்த்து 8,750 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். நாட்டின் மக்கள்தொகையே 10,643தான். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வருகிறது. "அப்புறம் என்ன, ஊரே மூட்டை கட்டிவிட்டது" என்றார் என்னோடு கப்பலில் வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவர். தொலைக்காட்சி விவாதங்களிலும் அதே தொனிதான். மூழ்கும் நாடு, கிளம்பும் மக்கள், முடிந்த கதை. அன்றிலிருந்து இது என் மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. எண்களில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவற்றிலிருந்து எல்லோரும் இவ்வளவு சுலபமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏற்க முடியாததற்கு ஒரு மனிதரும் காரணம். கொள்கலன் கப்பல்களில் நான் இரண்டாம் பொறியாளராக இருந்த காலத்தில் என் வாட்சில், அதாவது என் பணிநேரத்தில், இருந்த ஆயிலர் (இயந்திரங்களுக்கு எண்ணெய் பார்ப்பவர்) துவாலுவின் வைட்டுப்பு தீவுக்காரர். ஜெர்மன் முதலாளிகளின் கப்பல்களில் அப்போது துவாலுக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அமாட்டுக்கு என்ற சின்னஞ்சிறு தீவில் 1979 முதல் நடக்கும் கடல்சார் பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு வருவார்கள். மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் போகாமல் வேலை பார்ப்பார்கள். எண்ணெயைச் சுத்திகரிக்கும் பியூரிஃபையரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் நேரங்களில் இவர் திரும்பத் திரும்பப் பேசியது ஒரு குழியைப் பற்றி. புலாக்கா என்று ஒரு கிழங்கு, நம் சேம்புக்குச் சொந்தம், ஆனால் இலை ஆளுயரத்துக்கு வரும். பவளமணல் தீவில் அது சும்மா முளைக்காது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீருக்கு மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கும். அந்தப் படலத்தைத் தொடும்வரை குழி தோண்ட வேண்டும். கிழங்கை அதில் நட்டு, சுற்றிலும் தாழை ஓலையால் கூடைபோல் வளையம் பின்னி, அதற்குள் இலைதழையைப் போட்டுப் போட்டு மக்கவைக்க வேண்டும். நல்ல கிழங்கு வர வருஷக்கணக்காகும். எந்த இலை, எந்த அளவில், எப்போது என்று கேட்டபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "அது எங்க தாத்தா சொல்லிக்கொடுத்தது, செகண்ட். வீட்டை விட்டு வெளியே போகாது" என்றார். அதற்குப் பிறகும் எத்தனையோ முறை அந்தக் குழியைப் பற்றிப் பேசினார். இலையின் பெயரை மட்டும் சொல்லவே இல்லை.

அவர் சம்பளத்தில் ஒரு பகுதி அந்தக் குழியைப் பராமரிக்கும் தம்பிக்குப் போனது. இன்னொரு பகுதி தலைநகர் ஃபுனாஃபுட்டியில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் வீட்டுக்கு. அவருடைய பெரியப்பா வழிக் குடும்பம் ஃபிஜியில் இருக்கும் கியோவா தீவில். அந்தத் தீவை வைட்டுப்பு மக்கள் பணம் சேர்த்து விலைக்கு வாங்கி, 1947இலிருந்து குடியேறினார்கள். இந்த மனிதர் எந்த ஊரில் வாழ்ந்தார் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆனால் அவர் துவாலுவை விட்டுப் போய்விட்டவர் என்று யாராவது சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்தே இருக்காது.

ஒரு கப்பலோடு பிரிந்தவர்கள்

இந்த நாடு எப்படி உருவானது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்பது தீவுகள், எல்லாம் சேர்த்து 26 சதுர கிலோமீட்டர். நம் பாம்பன் தீவில் பாதிகூடத் தேறாது. ஆனால் அந்த ஒன்பதும் தென் பசிபிக்கில் பல நூறு கிலோமீட்டருக்கு ஒரு சாய்கோடாகச் சிதறிக் கிடப்பதால், சட்டப்படி அதற்கு உரிமையான கடல் ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு. மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஃபுனாஃபுட்டியில், அதிலும் ஃபொங்காஃபாலே என்ற ஒல்லியான நிலத்துண்டில் வசிக்கிறார்கள். அதன் சில இடங்களில் சாலையின் ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் காயல், நடுவில் சாலையைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

பிரிட்டிஷ் காலத்தில் இவர்கள் எல்லிஸ் தீவுகள் என்ற பெயரில் கில்பர்ட் தீவுகளோடு ஒரே குடியேற்றமாக இருந்தார்கள். கில்பர்ட்காரர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். மொழி வேறு, வழக்கம் வேறு, அரசு வேலைகளில் போட்டி வேறு. 1974இல் எல்லிஸ் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது: பிரிந்து போகிறீர்களா, சேர்ந்தே இருக்கிறீர்களா? வாக்கெடுப்புக்கு முன்பே பிரிட்டன் நிபந்தனையைச் சொல்லிவிட்டது. பிரிந்தால் ஒரே ஒரு கப்பல் கிடைக்கும். பனாபா தீவின் பாஸ்பேட் வருமானத்தில் பங்கு கிடையாது. பொதுச் சேமிப்பில் பங்கு கிடையாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிரிவதற்கு வாக்களித்தார்கள். 1978 அக்டோபர் 1இல் துவாலு சுதந்திர நாடானது.

எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான். ஒரு கப்பலை வைத்துக்கொண்டு தனி நாடு கேட்டவர்கள். வசதிதான் முக்கியம் என்று நினைத்திருந்தால் அன்றைக்கே சேர்ந்தே இருந்திருப்பார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டி ஒரு குலுக்கலில் பெயர் கொடுத்ததும், இவர்களுக்கு நாடு வேண்டாமாம் என்று நாம் எழுதிவிடுகிறோம்.

தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது

கடல் உயர்வதைப் பற்றிப் பேசும்போது எல்லோர் மனதிலும் கரையைத் தாண்டி வரும் அலைதான் இருக்கிறது. புயலின்போது அதுவும் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஆண்டுத் தொடக்க மாதங்களில் வரும் பெரிய ஓதங்களின்போது ஃபொங்காஃபாலேயில் நடப்பது வேறு. நிலம் முழுக்கப் பவளச் சல்லி, துளை துளையானது. வெளியே கடல்மட்டம் ஏறும்போது உள்ளே நிலத்தடி நீரும் சேர்ந்தே ஏறும். வீட்டுக்குப் பின்னால், விமான ஓடுபாதையின் ஓரத்தில், கரையிலிருந்து தள்ளி இருக்கும் பள்ளங்களில் தரையிலிருந்தே உப்புத்தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வரும். மேலே வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்றும் இருக்காது, முற்றத்தில் முழங்கால் அளவுக்குக் கடல் நிற்கும். கரையில் எவ்வளவு உயரத்துக்குச் சுவர் கட்டினாலும் இதை நிறுத்த முடியாது. அது வடிந்த பிறகு புலாக்கா குழியில் உப்பு தங்கிவிடும். இலை மஞ்சளாகும், கிழங்கு அழுகும். அந்த ஆயிலர் பயந்தது அலைக்கு அல்ல, இதற்குத்தான். கடந்த முப்பது ஆண்டுகளில் அங்கே கடல்மட்டம் சுமார் 15 செ.மீ. உயர்ந்திருக்கிறது. கேட்கச் சின்ன எண். நன்னீர்ப் படலமே மெலிந்திருக்கும் தீவில் அது சின்னது அல்ல.

குடிநீர் நிலைமையும் இதை ஒட்டியதே. ஆறு கிடையாது, ஏரி கிடையாது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்தால்தான் உண்டு. 2011இல் மழை பொய்த்தபோது அவசரநிலை அறிவித்து, ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். நியூசிலாந்து விமானப்படை உப்பகற்றும் இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கியது.

அந்த ஓடுபாதைக்கும் ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில், 1942இல் வந்திறங்கிய அமெரிக்கப் படை கட்டியது. அதற்காக ஃபொங்காஃபாலேயின் நல்ல புலாக்கா நிலத்தை மூடினார்கள், பவளச் சல்லிக்காகத் தீவின் இரண்டு முனைகளிலும் பெரிய பெரிய பள்ளங்களைத் தோண்டிவிட்டுப் போர் முடிந்ததும் அப்படியே போய்விட்டார்கள். எழுபது ஆண்டு அந்தப் பள்ளங்களில் உவர்நீரும் குப்பையும் கிடந்தன, அவற்றின் விளிம்பில் குடும்பங்கள் வாழ்ந்தன. 2015இல்தான் நியூசிலாந்தின் செலவில் அவை நிரப்பப்பட்டன. இன்று அந்த ஓடுபாதைதான் ஊரின் பொது மைதானம். விமானம் வரும்முன் சைரன் ஊதும், எல்லோரும் விலகுவார்கள். போனதும் கைப்பந்து மீண்டும் தொடங்கும்.

இங்கே ஒரு சிக்கலான உண்மையையும் சொல்லியாக வேண்டும். 2018இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் 1971 முதல் 2014 வரையிலான படங்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். துவாலுவின் 101 தீவுத்துண்டுகளில் முக்கால்வாசி பரப்பில் வளர்ந்திருக்கின்றன, நாட்டின் மொத்த நிலம் 2.9 சதவீதம் கூடியிருக்கிறது என்றது அது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. பவளத்திட்டை அலை உடைத்து, சல்லியாகவும் மணலாகவும் கரையில் கொண்டுவந்து குவிக்கிறது. 1972இல் அடித்த பெபே புயல் ஃபுனாஃபுட்டியின் பெருங்கடல் பக்கத்தில் ஒரே இரவில் ஒரு நீண்ட சல்லிமேட்டையே எழுப்பிவிட்டது. பின்னால் வந்த அலைகள் அதைத் தீவோடு சேர்த்தன. பருவநிலை மாற்றமே புரட்டு என்று சொல்பவர்கள் இந்த ஆய்வைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். துவாலு அரசோ அப்போது கோபப்பட்டது. ஆய்வையும் நம்பலாம், கோபத்தையும் புரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆளில்லாத திட்டின் நுனியில் மணல் சேர்வதால் ஃபொங்காஃபாலேயின் கிணறு இனிக்காது. அதே நேரம், நாளைக்கே நிலம் காணாமல் போகும் என்று பேசுவதும் அவர்களுக்கு உதவாது. நிலத்தை வளர்க்க முடியும் என்பதால்தான் அவர்களே காயலிலிருந்து மணலை அள்ளிப் போட்டு, 2100க்குப் பிறகும் கடல்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி ஃபுனாஃபுட்டியில் சுமார் ஏழு ஹெக்டேர் புதுத்தரை எழுப்பியிருக்கிறார்கள். கிளம்பத் தீர்மானித்தவர்கள் செய்கிற வேலையா இது?

நாடு என்பதே வருமானம்

துவாலு எதை வைத்துப் பிழைக்கிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஏற்றுமதி செய்யப் பெரிதாக எதுவும் இல்லை. கொப்பரைக் காலம் முடிந்துவிட்டது. சுற்றுலா கிட்டத்தட்ட கிடையாது. முன்பு நௌருவின் பாஸ்பேட் சுரங்கத்துக்கு ஆள் போனார்கள், அது வற்றியதும் 2006இல் மிச்சமிருந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கப்பல் வேலையும் 2008 நெருக்கடிக்குப் பிறகு சுருங்கிவிட்டது. அந்த ஆயிலரின் ஊர்க்காரர்களை அதற்கப்புறம் கப்பல்களில் நான் அதிகம் பார்க்கவில்லை.

மிச்சமிருப்பவற்றில் முதலாவது மீன், இன்னும் சரியாகச் சொன்னால் மீன்பிடிக்கும் நாள். நௌரு ஒப்பந்த நாடுகள் என்று எட்டு தீவு நாடுகள் சேர்ந்து, தங்கள் கடலில் சூரை பிடிக்கும் பெரிய வலைக்கப்பல்களுக்கு மொத்தமாக எத்தனை நாள் அனுமதி என்று ஆண்டுதோறும் நிர்ணயித்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. கப்பல்காரர் நாளை விலைக்கு வாங்க வேண்டும். ஒரு நாளுக்குக் குறைந்தது 8,000 அமெரிக்க டாலர். தனித்தனியாகப் பேரம் பேசியபோது சொற்பக் காசுக்கு ஏமாந்த நாடுகள், சேர்ந்து நின்றதும் விலையைத் தாங்களே சொல்லத் தொடங்கின. அரசு வருவாயில் பெரும் பங்கு இன்று இதிலிருந்துதான் வருகிறது.

இரண்டாவது எல்லோருக்கும் தெரிந்தது, .டிவி என்ற இணைய முகவரி ஒட்டு. உலகப் பட்டியல் ஒன்றில் தற்செயலாக அமைந்த இரண்டு எழுத்து. அதைக் குத்தகைக்கு விட்டு வந்த முதல் பணத்தில் ஃபுனாஃபுட்டிக்குத் தெருவிளக்கும் தார்ச்சாலையும் போட்டார்கள், ஐ.நா. உறுப்பினராகும் செலவையும் பார்த்துக்கொண்டார்கள். 2000 செப்டம்பரில் 189ஆவது உறுப்பு நாடானார்கள். இப்போதைய குத்தகையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடி அமெரிக்க டாலர் வருகிறது.

மூன்றாவது, நான் மிகவும் மதிப்பது, துவாலு அறக்கட்டளை நிதி. சுதந்திரம் கிடைத்த புதிதிலேயே அரசுப் பணத்தில் ஐந்து லட்சம் டாலருக்கும் மேல் அமெரிக்காவில் நிலம் வாங்கி லாபம் தருகிறேன் என்ற ஒரு வணிகரிடம் போய்ச் சிக்கிக்கொண்டது. முதல் பிரதமர் டோரிபி லாட்டி 1981இல் பதவி இழந்ததில் அதற்கும் பங்குண்டு. அந்தச் சூடு ஆறும்முன்னே, 1987இல், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு சேர்ந்து 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலரில் இந்த நிதியைத் தொடங்கினார்கள். விதி எளிமையானது. மூலதனத்தை விலைவாசியோடு சேர்த்து ஏற்றிக்கொண்டே போக வேண்டும், அதற்கு மேல் வளர்ந்ததை மட்டுமே அரசு எடுக்கலாம். சந்தை விழுந்த ஆண்டில் ஒன்றும் எடுக்க முடியாது என்பதால் அந்த ஆண்டுகளுக்கென்று பக்கத்தில் ஒரு சேமிப்புக் கணக்கு. அதே காலத்தில் பக்கத்து நௌரு பாஸ்பேட்டில் கிடைத்த பெரும் செல்வத்தைக் கட்டடங்களிலும் விமானங்களிலும் கரைத்துக்கொண்டிருந்தது. அதில் சிறு துளியைக்கூடக் காணாத துவாலு தன் மூலதனத்தில் கை வைக்கவே இல்லை. இன்று அந்த நிதி பல மடங்கு பெருகியிருக்கிறது.

மீன்பிடி நாள், இணைய முகவரி, அறக்கட்டளை நிதி, ஐ.நா. வாக்கு. இவற்றில் எதுவும் மண்ணில் விளைவதில்லை. துவாலு ஒரு நாடு என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டிருப்பதால் மட்டுமே வருகிற வருமானம் இது. அந்த ஒப்புதல் போனால் ஏழு லட்சம் சதுர கிலோமீட்டர் கடலும் போய்விடும். இதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. அதனால்தான் 2023இல் அரசியலமைப்பைத் திருத்தி, கடல் எவ்வளவு உயர்ந்தாலும், நிலமே போனாலும், துவாலு என்றென்றும் நாடாகவே இருக்கும், அதன் கடல் எல்லை இப்போதைய புள்ளிகளிலேயே நிலைத்திருக்கும் என்று எழுதிவைத்தார்கள்.

நான்காம் பிரிவு

இந்த இடத்தில்தான் அந்தக் குலுக்கலைத் தந்த ஒப்பந்தத்துக்கு வர வேண்டும். 2023 நவம்பரில் அப்போதைய பிரதமர் கவுசியா நட்டானோவும் ஆஸ்திரேலியப் பிரதமர் ஆந்தனி அல்பனீஸியும் ஃபாலெபிலி ஒன்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். செய்திகளில் வந்தது விசா பகுதி மட்டும். ஒப்பந்தத்தை எடுத்து முழுதாகப் படித்தபோது நான் நின்றுவிட்டது நான்காம் பிரிவில். அதன் முதல் பாதி நல்லது. பேரிடர், கொள்ளைநோய், படையெடுப்பு என்று எது வந்தாலும் துவாலு கேட்டால் ஆஸ்திரேலியா உதவும். கடல் உயர்ந்தாலும் துவாலுவின் இறையாண்மை தொடரும் என்று இதே ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியா ஒப்புக்கொள்கிறது. ஒரு வளர்ந்த நாடு சட்டபூர்வமாக அப்படி எழுதிக்கொடுப்பது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அதே நான்காம் பிரிவின் பிற்பகுதி சொல்கிறது: பாதுகாப்பு தொடர்பாக வேறு எந்த நாட்டோடோ அமைப்போடோ துவாலு ஏற்பாடு செய்வதென்றால் ஆஸ்திரேலியாவோடு கலந்து, இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே செய்ய வேண்டும். பாதுகாப்பு என்றால் ராணுவம் மட்டும் இல்லை. காவல், எல்லைக் கண்காணிப்பு, இணையப் பாதுகாப்பு, துறைமுகம், தொலைத்தொடர்பு, மின்சாரம் எல்லாம் அதற்குள் வரும்.

இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தேன். கையிலிருக்கும் ஒரே சொத்து நாடு என்ற அந்தஸ்து. அது நிலைத்திருக்கும் என்று ஒரு பிரிவில் உறுதி. இன்னொரு பிரிவில் அதன் ஒரு பகுதிக்கு இன்னொருவரின் சம்மதம் தேவை. ஒரு துறைமுகத்தை யாரைக் கொண்டு கட்டுவது, ஒரு கேபிளை யாரைக் கொண்டு இழுப்பது என்பது வெறும் பாதுகாப்பு விஷயமா? இவ்வளவு சிறிய நாட்டில் அதுதானே மொத்த ஆட்சி?

துவாலு மக்களுக்கும் இது தெரியாமல் போகவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2024 ஜனவரி 26இல் பொதுத்தேர்தல். அங்கே கட்சிகள் கிடையாது. எட்டு தொகுதி, தொகுதிக்கு இருவர், மொத்தம் 16 பேர். அந்த 16 பேர் கூடித் தங்களுக்குள் பிரதமரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆட்சி கவிழ இரண்டு பேர் இடம் மாறினால் போதும். ஒவ்வொரு தீவிலும் பெரியவர்கள் கூடும் ஃபாலெகவுப்புலே என்ற சபை இருக்கிறது. 1997 சட்டம் உள்ளூர் அதிகாரத்தை அதன் கையில் கொடுத்திருக்கிறது. உறுப்பினர் அந்தச் சபைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். அந்தத் தேர்தலில் நட்டானோ தன் தொகுதியிலேயே தோற்றார். வந்தால் ஒப்பந்தத்தைக் கைவிடுவேன் என்று சொல்லியிருந்த முன்னாள் பிரதமர் எனெலே சோபோவாகா ஜெயித்தார். தேர்தலுக்குச் சில நாள் முன்புதான் நௌரு தைவானைக் கைவிட்டு பெய்ஜிங் பக்கம் போயிருந்தது. தைவானோடு உறவு வைத்திருக்கும் துவாலு என்ன செய்யப்போகிறது என்று பெரிய தலைநகரங்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. வெளித்தீவு உறுப்பினர்களோ கடல் கொந்தளிப்பில் படகு கிடைக்காமல் அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள். ஆள் வந்து சேராததால் பிரதமர் தேர்வு வாரக்கணக்கில் தள்ளிப்போனது. பிப்ரவரி கடைசியில் ஃபெலெட்டி டேயோ போட்டியின்றிப் பிரதமரானார்.

புது அரசு ஒப்பந்தத்தைக் கிழிக்கவில்லை. அடிப்படை நோக்கத்தை ஏற்கிறோம், துவாலுவின் இறையாண்மைக்குக் குறைவு வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. நான்காம் பிரிவை எப்படிப் பொருள்கொள்வது, எப்படி நடைமுறைப்படுத்துவது என்று இரண்டு அரசும் பேசி ஒரு விளக்கக் குறிப்பில் உடன்பட்டன. 2024 ஆகஸ்ட் 28இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. தைவான் உறவும் தொடர்கிறது.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் இதையேதான் செய்திருப்பேனோ என்னவோ. மருத்துவத்துக்கும் மேற்படிப்புக்கும் ஒரு வழி திறக்கிறது, போனவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம் போகலாம், முதல் நாளிலிருந்தே நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வேலை உறுதிக் கடிதம்கூடத் தேவையில்லை. இதை எந்த அரசியல்வாதி தன் தீவின் சபையில் போய் வேண்டாம் என்று சொல்வார்? ஆனால் கேட்டவர் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. நிலக்கரி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் இருக்கும் நாடு, கடல் உயர்வதால் தவிக்கும் பக்கத்து நாட்டுக்கு ஆண்டுக்கு 280 இடம் கொடுப்பதற்கு, அதன் துறைமுகத்துக்கும் கேபிளுக்கும் தன் கையெழுத்தைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. விசாவைத் தனியாகக் கொடுத்திருக்கலாம். நியூசிலாந்து 2002இலிருந்தே ஆண்டுதோறும் துவாலுக்காரர்களுக்குக் குலுக்கலில் இடம் ஒதுக்கிவருகிறது, அதற்காக இப்படி ஒரு பிரிவை அது எழுதி வாங்கவில்லை.

குலுக்கலில் எண்பது சதவீதம் பேர் பெயர் கொடுத்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் எனக்கு அது வேறாகத் தெரிகிறது. பெயர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அந்த ஆயிலரைப் போன்றவர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இன்னொரு ஊரில் சம்பாதித்து இந்த ஊரின் குழியைப் பராமரிப்பவர்கள். கப்பல் வேலை போன பிறகு அவர்களுக்கு மூடிய கதவு இப்போது வேறு பக்கம் திறந்திருக்கிறது. அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்தாயிரம் பேர் உள்ள நாட்டில் ஒரு தீவுக்கு ஒரு செவிலியர், ஒரு துறைக்கு ஒரு கணக்கர் என்றுதான் இருப்பார்கள். யாருக்கு அடிக்கும் என்று குலுக்கல் பார்ப்பதில்லை. படித்தவரை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை என்பது அதன் நல்ல அம்சம். இருக்கும் ஒரே ஒருவரும் போகலாம் என்பது அதன் கெட்ட அம்சம். இரண்டும் உண்மை.

குலுக்கல் பதிவு முடிந்து ஐந்தாம் நாள், 2025 ஜூலை 23இல், சர்வதேச நீதிமன்றம் பருவநிலை குறித்த தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. ஒரு நாடு உருவான பிறகு அதன் அடிப்படைக் கூறுகளில் ஒன்று மறைந்துபோனால் அந்த நாடே இல்லை என்றாகிவிட வேண்டியதில்லை, கடல் உயர்ந்ததற்காகக் கடல் எல்லைகளைத் திருத்த வேண்டியதும் இல்லை என்று அதில் இருக்கிறது. துவாலு இரண்டு ஆண்டுக்கு முன்னால் தன் அரசியலமைப்பில் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான். குலுக்கல் செய்தியைப் பகிர்ந்த அளவுக்கு இதை யாரும் பகிர்ந்து நான் பார்க்கவில்லை. ஊரே மூட்டை கட்டிவிட்டது என்ற அந்தப் பழைய நண்பருக்கு நானே அனுப்பிவைத்தேன். "சரி, ஆனா ஆளே இல்லாட்டி நாடு எதுக்கு?" என்று கேட்டார். ஆள் இருக்கிறார்கள், அவர்கள் ஒரே இடத்தில் இல்லை, என்றைக்குமே இருந்ததில்லை என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த பொதுத்தேர்தல் 2028 தொடக்கத்தில் வர வேண்டும். அதற்குள் இரண்டு மூன்று குலுக்கல்கள் முடிந்திருக்கும், சில நூறு பேர் பிரிஸ்பேனிலும் மெல்பர்னிலும் இருப்பார்கள், அவர்கள் அனுப்பும் பணம் தீவுகளுக்கு வந்துகொண்டிருக்கும். நான்காம் பிரிவைத் தூக்க வேண்டும் என்று அந்த 16 இடங்களில் எத்தனை பேர் கேட்டு ஜெயிக்கிறார்கள், போனவர்களின் குடும்பங்கள் அவர்களுக்கு வாக்களிக்கிறார்களா என்பதைத்தான் நான் கவனிக்கப்போகிறேன்.